ஆட்டுக்காகக் காலி செய்யப்பட்ட ஊர்கள்: ஸ்காட்லாந்துக் குடியானவர் வெளியேற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் வடக்கே, இவான்டன் என்ற சிற்றூருக்கு மேலே ஃபைரிஷ் குன்று இருக்கிறது. ஏறிப் போனால் உச்சியில் ஒரு கோட்டை வாசல் நிற்கும். வாசல் மட்டும்தான், கோட்டை கிடையாது. 1781-இல் டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்த நாகப்பட்டினம் கோட்டையின் வாசலைப் போல அதைக் கட்டவைத்தவர், அந்தப் படையை நடத்திய தளபதி சர் ஹெக்டர் மன்றோ. அந்தக் குன்றுக்கு அந்தப் பக்கம் இருந்த அவருடைய நிலத்தில்தான் பத்து வருஷம் கழித்து ஆடா, மனுஷனா என்ற தகராறு வெடித்தது. அந்தத் தகராறு ஒரு நீண்ட கதையின் ஒரு அத்தியாயம். அதைப் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் கீழே.

"ஹைலேண்ட் கிளியரன்சஸ்" என்கிறார்களே, அது என்ன?

வீட்டைக் காலி பண்ணு என்கிறோமே, அதேதான். வீட்டுக்குப் பதில் ஊர், ஊருக்குப் பதில் பள்ளத்தாக்கு. ஏறக்குறைய 1760-லிருந்து 1860 வரை, ஸ்காட்லாந்தின் வடக்கு, மேற்கு மலைநாட்டிலும் தீவுகளிலும் தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த கேலிக் மொழிக் குடியானவர்களை நிலக்காரர்கள் அப்புறப்படுத்தினார்கள். அந்த இடத்தில் செம்மறியாட்டுப் பண்ணைகள் வந்தன. தெற்கே சமவெளியிலும் சிறுகுத்தகைக்காரர்கள் நிலத்தை இழந்தார்கள், ஆனால் அது மெதுவாக நடந்தது, பக்கத்திலேயே ஆலை வேலையும் கிடைத்தது. மலைநாட்டில் அப்படி இல்லை.

நிலம் அவர்களுடையதா, இல்லையா?

எல்லாச் சிக்கலும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. காகிதத்தில் அவர்களுடையது இல்லை. நிலம் குலத்தலைவர் பேரில் இருந்தது. தலைவரிடமிருந்து அவருடைய உறவுக்காரர்கள் மொத்தமாகக் குத்தகை எடுத்து, குடியானவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். குடியானவர் கையில் துண்டுச் சீட்டுகூட இருக்காது. வருஷத்துக்கு வருஷம் வாய்ப்பேச்சில் ஓடும் குத்தகை.

ஆனால் காகிதத்துக்கு வெளியே இன்னொரு கணக்கு இருந்தது. கேலிக்கில் அதைத் "தூகஸ்" என்பார்கள். ஒரே குலம் பல தலைமுறையாக உழுது, அதற்காகச் சண்டைக்கும் போன மண்ணில் இருக்கிற உரிமை அது. "கிளான்" என்ற சொல்லுக்கே கேலிக்கில் பிள்ளைகள் என்று பொருள். தலைவர் தகப்பன், குடிகள் பிள்ளைகள். பிள்ளையிடம் யாராவது பட்டா கேட்பார்களா? அந்த நம்பிக்கையில்தான் யாரும் எழுதி வாங்கவில்லை. ஸ்காட்லாந்துச் சட்டம் தூகஸை ஒருநாளும் அங்கீகரித்ததில்லை. தலைவர் நிலக்காரராக மாறிய அன்று, பிள்ளைகள் வெறும் குத்தகைக்காரர்கள் ஆனார்கள். 40 நாள் நோட்டீஸ் கொடுத்தால் போதும்.

தகப்பன் எப்படி நிலக்காரர் ஆனார்? கல்லோடன் சண்டைக்குப் பழிவாங்கல் என்கிறார்களே?

1746 ஏப்ரலில் கல்லோடனில், அரியணை இழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காகப் போராடிய குலப்படைகள் நொறுங்கின. அப்புறம் லண்டன் அரசு, தலைவர்கள் தங்கள் மண்ணில் நடத்திவந்த பரம்பரை நீதிமன்ற அதிகாரத்தைப் பறித்தது. அதுவரை ஒரு தலைவரின் பெருமை எத்தனை வாள் அவர் பின்னால் வரும் என்பதில் இருந்தது. இனி வாளால் பயனில்லை, வாடகைதான் கணக்கு. எடின்பரோவிலும் லண்டனிலும் வீடு, பிள்ளைகளுக்கு அங்கே படிப்பு, கழுத்துவரை கடன் என்று தலைவர்கள் மாறிப்போனார்கள். உண்மையில் இந்த மாற்றம் கல்லோடனுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

ஆனால் பழிவாங்கல் என்று சொன்னால் கதை தப்பாகிவிடும். மிக மோசமாகக் காலி செய்யப்பட்டது சதர்லாந்து சீமை. அதன் பிரபுக் குடும்பம் அரசாங்கத்தின் பக்கம் நின்ற குடும்பம். ஆங்கிலேயர் ஸ்காட்லாந்துக்காரரை விரட்டினார்கள் என்பதும் பாதிகூட உண்மையில்லை. நோட்டீஸ் அனுப்பியவர்களில் பெரும்பாலோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், பலர் அந்தந்தக் குலத்தின் தலைவர்களே. அதனால்தான் அந்த வடு இன்னும் ஆறவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏன் ஆடு? மலையில் ஆடும் மனிதரும் சேர்ந்து இருந்திருக்கக் கூடாதா?

நல்ல கேள்வி. பழைய முறையில் பள்ளத்தாக்கின் அடியில் ஓட்ஸ், பார்லி, பின்னாளில் உருளைக்கிழங்கு. கோடையில் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேலே போய்க் குடிசை போட்டு வெண்ணெய் எடுப்பது. இலையுதிர்காலத்தில் கறுப்பு மாடுகளைத் தெற்குச் சந்தைக்கு ஓட்டி விற்றுக் குத்தகை கட்டுவது. வீட்டுக்குச் சில ஆடுகள் இருக்கும், குளிர்காலத்தில் அவற்றை உள்ளே கட்டிக்கொள்வார்கள்.

வந்தது அந்தச் செம்மறி இல்லை. தெற்கே இங்கிலாந்து எல்லைப்புறத்திலிருந்து வந்த செவியட் இனம். பெரிய உடம்பு, நல்ல கம்பளி. தெற்கே நெசவாலைகள் பெருக, பிரெஞ்சுப் போர்க்காலத்தில் கம்பளி விலையும் இறைச்சி விலையும் ஏறின. செவியட்டுக்கு ஒரு தொந்தரவு உண்டு. கோடை முழுக்க மலைமேல் மேயும், ஆனால் குளிர்காலத்தில் கீழே புல் வேண்டும். கீழே புல் இருந்த இடம் எது? குடியானவரின் வயலும் வைக்கோல் நிலமும். அது கிடைக்காவிட்டால் மேலே இருக்கிற மலை முழுவதும் பண்ணைக்காரருக்கு வீண். ஆகவே பண்ணைக்காரர் மொத்தப் பள்ளத்தாக்கையும் கேட்டார், ஐம்பது குடும்பம் சேர்ந்து கட்டியதைவிடப் பல மடங்கு வாடகை தருகிறேன் என்றார். அதைப் பார்த்துக்கொள்ள சில மேய்ப்பர்களும் நாய்களும் போதும்.

நாகப்பட்டினம் மன்றோவின் நிலத்தில் என்ன நடந்தது?

மன்றோவை நமக்கு வேறு வழியிலும் தெரியும். 1780-இல் ஹைதர் அலியின் படை புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை அழித்தபோது, சில மைல் தள்ளிக் காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு உதவிக்குப் போய்ச் சேராதவர் இவர்தான். அடுத்த வருஷம் நாகப்பட்டினத்தைப் பிடித்து மானத்தை மீட்டுக்கொண்டார். ஊரில் வேலையில்லாதவர்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்றுதான் ஃபைரிஷ் வாசலைக் கட்டவைத்தார் என்பார்கள். வேலை சீக்கிரம் முடியக் கூடாதென்று, மேலே ஏற்றிய கற்களை அவரே உருட்டிவிட்டு மறுபடி ஏற்றவைத்துக் கூலி கொடுத்தார் என்று ஒரு ஊர்க்கதையும் உண்டு. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அதே மன்றோ தன் கில்டர்மோரி நிலத்தைக் கேமரன் என்ற இரு சகோதரர்களுக்கு ஆட்டுப் பண்ணையாகக் குத்தகை விட்டார். பக்கத்துக் குடியானவர்களின் மாடுகள் வழக்கமான மேய்ச்சலுக்கு அங்கே போக, சகோதரர்கள் பிடித்துக் கட்டினார்கள். குடியானவர்கள் திரண்டு போய் மீட்டுவந்தார்கள். அந்தத் துணிச்சலில், 1792 கோடையில், சீமையில் இருக்கிற ஆடுகளையெல்லாம் தெற்கே ஓட்டிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். சில நூறு பேர், பல ஆயிரம் ஆடுகள். அக்கம்பக்கத்தில் யாரையும் அடிக்கவில்லை, கொள்ளையும் இல்லை, வெறுமனே ஆட்டை ஓட்டினார்கள். பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம், நிலக்காரர்கள் நடுங்கிப்போனார்கள். பிளாக் வாட்ச் ரெஜிமென்ட் வந்தது, கூட்டம் இரவோடு இரவாகக் கலைந்தது. இருவருக்கு ஏழு வருஷம் நாடுகடத்தல் என்று இன்வெர்னஸ் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவர்கள் சிறையிலிருந்து தப்பிப் போனார்கள், பிடிபடவே இல்லை. ஊர்க்காரர்கள் அந்த வருஷத்துக்கு வைத்த பெயர்: ஆட்டு வருஷம்.

காலி செய்கிற நாளில் உண்மையில் என்ன நடக்கும்?

நோட்டீஸ் குளிர்காலத்திலோ வசந்தத்திலோ வரும், மே நடுவில் காலி செய்ய வேண்டும். பண்ணைக்காரர் அதற்கு முன்பே, மார்ச்சில், மலைப்புதரைக் கொளுத்திவிடுவார். ஆட்டுக்கு இளம்புல் முளைக்க. அதனால் குடியானவரின் மாட்டுக்கு அந்த வசந்தத்தில் தீனி இருக்காது. நாள் வந்ததும் ஜமீன் மேனேஜர், அமீனாக்கள், கான்ஸ்டபிள்கள், கூட்டி வந்த மேய்ப்பர்கள் என்று ஒரு பட்டாளம் வரும். சாமான்களை வெளியே போட்டு, கூரையைப் பிரிப்பார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது கூரைமரம். மரமே இல்லாத நாடு அது. சேற்றுநிலத்தில் புதைந்து கிடக்கும் பழைய பைன் மரங்களைத் தோண்டியெடுத்துத்தான் உத்தரம் போடுவார்கள். சுவர் கல்லும் புல்தரையும், எங்கே வேண்டுமானாலும் எழுப்பலாம். உத்தரம் போனால் வீடு போச்சு. இடம் மாறும்போது அதைத் தூக்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். அதனால்தான் காலி செய்ய வந்தவர்கள் உத்தரத்தைக் கொளுத்தினார்கள். முதுகைத் திருப்பியதும் குடும்பம் திரும்பி வந்து அதே சுவரின் மேல் கூரை போட்டுவிடக் கூடாதே.

பேட்ரிக் செல்லர் என்ற பெயர் அடிக்கடி வருகிறதே?

எல்ஜினிலிருந்து வந்த வக்கீல், சதர்லாந்துச் சீமாட்டி எலிசபெத்தின் எஸ்டேட் நிர்வாகிகளில் ஒருவர். சீமாட்டியின் கணவர் ஸ்டாஃபோர்டு பிரபு இங்கிலாந்தின் பெரிய பணக்காரர்களில் ஒருவர். மனைவியின் சீமையைத் "திருத்தி" அமைக்கப் பணத்தைக் கொட்டினார். திட்டம் இது: உள்ளே இருக்கிற மக்களைக் கடற்கரைக்கு நகர்த்து, மீன் பிடிக்கச் சொல், பள்ளத்தாக்குகளை ஆட்டுக்கு விடு.

1813 கடைசியில் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கின் ஒரு பெரும்பகுதி ஏலத்துக்கு வந்தது. எடுத்தவர் செல்லர்! காலி செய்யும் அதிகாரியும் அவரே, காலியான நிலத்தில் ஆடு விடப்போகிறவரும் அவரே. 1814 ஜூனில் பாடின்லோஸ்கின் என்ற இடத்தில் வில்லியம் சிஷோம் என்ற தகரவேலைக்காரரின் வீட்டுக்குத் தீ வைத்தபோது, உள்ளே நூறு வயதை நெருங்கிய, படுத்த படுக்கையாக இருந்த அவருடைய மாமியார் மார்கரெட் மெக்கே இருந்தார். போர்வை கருகிய நிலையில் தூக்கி வந்து ஒரு கொட்டகையில் கிடத்தினார்கள். ஐந்தாம் நாள் இறந்துபோனார்.

விசாரித்து செல்லரைக் கைது செய்தவர் ஷெரிஃப்பின் துணை அதிகாரி ராபர்ட் மெக்கிட். இருவருக்கும் பழைய பகை உண்டு. மெக்கிட் திருட்டு வேட்டையாடியதைச் செல்லர் பிடித்துக்கொடுத்திருந்தார். அது வழக்கைக் கெடுத்தது. 1816 ஏப்ரலில் இன்வெர்னஸில் விசாரணை. ஜூரியில் பெரும்பாலோர் நிலக்காரர்களும் வசதியானவர்களும். சாட்சிகள் பேசியது கேலிக், நீதிமன்றம் நடந்தது இங்கிலீஷில். செல்லர் விடுதலை. மெக்கிட் மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடுத்துச் சீமையை விட்டே போனார். செல்லர் மேனேஜர் வேலையிலிருந்து விலக்கப்பட்டாலும் ஸ்ட்ராத்நேவரில் ஆடு வளர்த்துப் பெரிய ஆளானார். காலி செய்தல் நிற்கவில்லை. 1819-இல் இன்னும் பெரிய அளவில் நடந்தது.

விரட்டப்பட்டவர்கள் எல்லாரும் கனடா போனார்களா?

ஆரம்பத்தில் இல்லை. கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், முதல் கட்டத்தில் நிலக்காரர்கள் மக்களைப் போகவிடாமல் தடுத்தார்கள். காரணம் கடல்பாசி. கரையில் ஒதுங்கும் பாசியை எரித்துச் சாம்பல் கட்டியாக்கினால் கண்ணாடிக்கும் சோப்புக்கும் வேண்டிய சோடா கிடைக்கும். போர்க்காலத்தில் ஸ்பெயின் சரக்கு தடைபட, டன் 20 பவுண்டு வரை போயிற்று. ஒரு டன் சாம்பலுக்கு ஏறக்குறைய 20 டன் ஈரப்பாசி வேண்டும். இடுப்பளவு குளிர்நீரில் நின்று அறுக்க ஆள் வேண்டும். ஆகவே கரையோரம் "கிராஃப்ட்" எனப்படும் துண்டு நிலங்களை வேண்டுமென்றே சின்னதாக வெட்டிக் கொடுத்தார்கள். விளைச்சலில் வயிறு நிறையாது, பாசி வேலைக்கு வந்தே தீர வேண்டும். 1803-இல் பயணிகள் நலனுக்கு என்று ஒரு கப்பல் சட்டம் வந்தது. டிக்கெட் விலை ஏறி, ஏழைகள் கடல் தாண்ட முடியாமல் போனது. அதற்காக வாதாடியவர்களில் மலைநாட்டு நிலக்காரர்கள் முன்வரிசையில் நின்றார்கள்.

பிரெஞ்சுப் போர் முடிந்தது, பாசி விலை விழுந்தது. உடனே அதே மக்கள் "மிகை ஜனத்தொகை" ஆகிவிட்டார்கள்.

கரையில் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதற்கு கெய்த்னெஸில் பேட்பே என்ற இடம் போதும். செங்குத்தான கடற்பாறையின் விளிம்பில், காற்று அடித்துத் தள்ளும் சரிவில் குடியேற்றினார்கள். கோழிகளையும் ஆடுமாடுகளையும் மட்டுமல்ல, விளையாடும் குழந்தைகளையும் கயிற்றில் கட்டிவைப்பார்களாம், பாறையிலிருந்து விழாமல் இருக்க. அங்கிருந்து நியூசிலாந்து போனவரின் வாரிசு ஒருவர் 1911-இல் அங்கே நினைவுத்தூண் எழுப்பினார்.

உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

துண்டு நிலத்தில் ஒரு குடும்பம் பிழைக்க உருளைக்கிழங்கை விட்டால் வழியில்லை. 1846-இல் கருகல் நோய் வந்து பயிர் அழுகியது. அயர்லாந்து அளவுக்குச் சாவு இல்லை. நிவாரணம் ஓரளவு வந்தது, சில நிலக்காரர்கள் தங்கள் சொத்தை அழித்து மக்களுக்குச் சோறு போட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மற்ற பலருக்கு இது செலவுக் கணக்கு. நிவாரணம் கொடுப்பதைவிடக் கப்பல் டிக்கெட் மலிவு. 1851-இல் கர்னல் கோர்டன், பாரா, சவுத் யூயிஸ்ட் தீவுகளிலிருந்து சுமார் 1,700 பேரைக் கியூபெக்குக்கு ஏற்றி அனுப்பினார். கூட்டத்துக்கு வா என்று கூப்பிட்டு, ஓடியவர்களைத் துரத்திப் பிடித்துக் கப்பலில் ஏற்றியதாகச் சாட்சிகள் உண்டு. கந்தலோடு வந்து இறங்கியவர்களைப் பார்த்துக் கியூபெக் அதிகாரிகளே புகார் எழுதினார்கள்.

சர்ச் என்ன செய்தது?

போதகரை நியமிப்பது நிலக்காரர். வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? இது உங்கள் பாவத்துக்குத் தண்டனை என்று பிரசங்கம் செய்தவர்கள் இருந்தார்கள். 1843-இல் சர்ச் உடைந்து சுதந்திர சர்ச் பிரிந்தபோது மலைநாட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக அதில் சேர்ந்ததற்கு இதுவும் காரணம்.

1845 மே மாதம் க்ளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து விரட்டப்பட்டவர்களில் சுமார் 80 பேர் குரோய்க் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் போர்வையால் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அங்கிருந்தபடி யாரோ சன்னலின் வைரவடிவக் கண்ணாடித் துண்டுகளில் கீறி எழுதினார்கள். 1845 மே 24 என்று தேதி இருக்கிறது. க்ளென்கால்வி ஜனங்கள் இங்கே இருந்தார்கள் என்று இருக்கிறது. இன்னொன்றில், "க்ளென்கால்வி ஜனங்கள், பொல்லாத சந்ததி". பேசியது கேலிக், எழுதியது இங்கிலீஷ். கூரை போனதற்குத் தங்களையே பொல்லாதவர்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கண்ணாடி இன்றும் இருக்கிறது.

இது எப்படி நின்றது?

1882 ஏப்ரலில் ஸ்கை தீவின் பிரேஸ் ஊரார், பறிபோன மேய்ச்சல் மலையைத் திருப்பிக் கேட்டுக் குத்தகை கட்ட மறுத்தார்கள். அமீனா கொண்டு வந்த நோட்டீஸைக் கொளுத்தவைத்தார்கள். கிளாஸ்கோவிலிருந்து 50 போலீஸ்காரர்கள் வந்தபோது, பெண்கள் முன்னால் நின்று கல்லெறிந்தார்கள். முந்தின தலைமுறையும் எதிர்க்காமல் இல்லை. அப்போது பார்க்க ஆளில்லை, இப்போது பத்திரிகைக்காரர்கள் இருந்தார்கள்.

அரசு ஒரு விசாரணைக் கமிஷன் போட்டது. தலைவர் யார் தெரியுமா? நேப்பியர் பிரபு. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த அதே ஆள். கூவம் கடலில் சேரும் இடத்தில் நேப்பியர் பாலம் இருக்கிறதே, செஸ் ஒலிம்பியாட் சமயத்தில் சதுரங்கக் கட்டம் வரைந்தார்களே, அந்தப் பெயர் இவருடையதுதான்.

1883 மே 8, முதல் அமர்வு பிரேஸிலேயே. முதல் சாட்சி அங்கஸ் ஸ்டூவர்ட் வாயைத் திறக்கும் முன்பே கேட்டது, உண்மையைச் சொன்னால் என்னைக் காலி செய்யமாட்டார்கள் என்று உறுதி தருவீர்களா என்பதைத்தான். எஸ்டேட் ஆட்களிடம் கமிஷன் அந்த உறுதியைக் கேட்டுப் பார்த்தது, தெளிவான பதில் வரவில்லை. மனிதர் அப்படியும் பேசினார். 1886-இல் சட்டம் வந்தது: குத்தகையை ஒழுங்காகக் கட்டுகிறவரை வெளியேற்ற முடியாது, நியாய வாடகையைத் தனி ஆணையம் முடிவு செய்யும், நிலத்தை வாரிசுக்கு விடலாம். ஆனால் பறித்த நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. நிலமே இல்லாதவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

போன இடத்தில் நன்றாக இருந்தார்களா?

பலர் இருந்தார்கள். கனடாவின் கேப் பிரெட்டனில் கேலிக் பேச்சு பல தலைமுறை நீடித்தது. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த "காலி" நிலமும் காலியாக இருக்கவில்லை. ஸ்கையில் பிறந்த அங்கஸ் மெக்மில்லன் ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்தில் பூர்வகுடிகளைக் கொன்ற கூட்டங்களுக்குத் தலைமை தாங்கினார். அங்கேயும் மேய்ச்சல் நிலத்துக்காகத்தான். ஆஸ்திரேலியக் கம்பளி வந்து குவிந்ததில், 1870-களுக்குப் பிறகு ஸ்காட்லாந்து ஆட்டுப் பண்ணைகளே படுத்துவிட்டன. பல பள்ளத்தாக்குகள் பணக்காரர்களின் மான்வேட்டைக் காடுகள் ஆயின.

இன்றைக்கு நிலம் யார் கையில்?

தனியார் கிராமப்புற நிலத்தில் பாதி, ஐந்நூறுக்கும் குறைவான உரிமையாளர்கள் கையில் என்று கணக்கிடுகிறார்கள். 1993-இல் சதர்லாந்தின் அசின்ட் பகுதிக் குடியானவர்கள் பணம் திரட்டித் தாங்கள் இருந்த எஸ்டேட்டையே விலைக்கு வாங்கினார்கள். 1997-இல் எக் தீவு மக்களும் அப்படியே வாங்கினார்கள். 2003-இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம் மற்ற ஊர்களுக்கும் இந்த வழியைத் திறந்தது.

சீமாட்டி எலிசபெத்தின் கணவர் ஸ்டாஃபோர்டு, பின்னாளில் சதர்லாந்துப் பிரபு ஆனவர். அவருடைய சிலை சதர்லாந்தில் கோல்ஸ்பி ஊருக்கு மேலே பென் ப்ராகி மலையில் நூறடி உயரத்துக்கு நிற்கிறது. 1830-களில் எழுப்பியது. நன்றியுள்ள குடிகள் துக்கத்தோடு எழுப்பியது என்று பீடத்தில் பொறித்திருக்கிறார்கள். இடித்துத் தள்ளலாம் என்று 1990-களில் ஒரு யோசனை வந்தது, நிறைவேறவில்லை. 2011-இல் யாரோ பீடத்திலிருந்து சில கற்களைப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.